எதிரொலி மட்டும் வந்தது

அத்தியாயம் 9

மீர்யா குற்றவாளியா இல்லையா என்று யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அவளுடைய சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்கள்.

யால்மரி அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. ஒரு காபிக் கோப்பை, ஒரு சால்வை, பாதி செத்த கள்ளிச்செடி. பூட்ஸைக் கழற்றி வைத்து நிமிர்ந்தபோது, தன் இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்ப்பதைக் கவனித்தான்.

"துப்பறிய வந்த இடத்துல நம்ம ஓட்டைதான் முதல்ல வெளிய வருது" என்றான்.

ஹில்மா ரவுத்தியோ சிரிக்கவில்லை. முப்பது வருடம் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். யால்மரி மூன்று வருடமாக அவளுக்கு உதவியாளன். கார் ஓட்டுவான், குறிப்பெடுப்பான், அவள் சிரிக்காத நகைச்சுவைகளைச் சொல்வான்.

தாம்பெரே நகரத்தின் பழைய நெசவாலைக் கட்டடம். மூன்றாம் மாடி முழுவதும் அந்த விளையாட்டு ஸ்டுடியோ. முதலாளி ரூபென் அஹோலா அவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே கடிகாரத்தைக் காட்டினான்.

"மூணு மணிக்கு எனக்கு அறிக்கை வேணும். ரொம்ப எழுத வேணாம். மீர்யா வேணும்னே பண்ணாளா இல்லையா. அவ்வளவுதான்."

"இல்லைன்னு வந்தா?" என்றாள் ஹில்மா.

"வராது."

விஷயம் இதுதான். ரூபெனின் ஸ்டுடியோ செய்த விளையாட்டின் பெயர் 'கரை'. ஏரிக்கரை வீட்டில் சண்டை போட்டுப் பிரிந்த அக்காவும் தங்கையும் ஒரு குளிர்கால இரவில் சந்திக்கிறார்கள். நாம் தங்கையாக விளையாட வேண்டும். பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், புது அப்டேட் வெளியானது. அன்றிலிருந்து விளையாட்டில் யாரும் பேசவில்லை. காற்று வீசியது, விறகு வெடித்தது, இசை வந்தது. ஆனால் வாய்கள் அசைந்தனவே தவிரக் குரல் இல்லை. மூன்றாம் நாள் அப்டேட்டைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மீர்யா அந்த ஸ்டுடியோவின் ஒரே ஒலிப்பொறுப்பாளர். முதல் நாளே அவளை எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். ஒலி தெரிந்த ஆளை ஒதுக்கிவிட்டு, ஒலி தெரியாத பதினாலு பேர் சேர்ந்து ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

யால்மரி புகார்க் கட்டைப் புரட்டினான். "மூவாயிரத்து நானூறு. ஜெர்மனி, பிரேசில், கொரியா. நம்ம நாட்டுலேர்ந்து மட்டும் ஒண்ணுகூட இல்ல."

"இங்க விக்கலையா?" என்று கேட்டாள் ஹில்மா.

"நாலாயிரம் பேர் விளையாடறாங்க. ஒருத்தன் எழுதியிருக்கான், 'இப்பத்தான் நிஜமா இருக்கு, நன்றி'ன்னு."

ரூபெனுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாளை மேசைமேல் தள்ளினான். சோதனைச் சீட்டு.

"புதன்கிழமை வேலை முடிஞ்சுது. வியாழன் காலைல இஸ்மோ சோதிச்சான். எங்க தலைமைச் சோதனையாளர், இருபது வருஷ அனுபவம். ஹெட்போன் போட்டு எல்லாக் காட்சியும் பார்த்திருக்கான். என்ன எழுதியிருக்கான் பாருங்க."

'குரல்கள்: தெளிவு' என்று இருந்தது.

"அன்னிக்கு மீர்யா காய்ச்சல்னு வீட்டுல. இஸ்மோ பார்த்து முடிச்சதும் அப்டேட்டைப் பூட்டியாச்சு. திறக்கிற கடவுச்சொல் மீர்யாகிட்ட மட்டும்தான். வெள்ளிக்கிழமை வந்தா, திறந்தா, அனுப்பினா. வியாழக்கிழமை பேசின பொம்பள வெள்ளிக்கிழமை ஊமை. நடுவுல கை வெச்சது யாரு? பேயா?"

"எதுக்கு வைக்கணும்?"

"அவ கேட்ட பதவிய வேற ஆளுக்குக் குடுத்தேன். அறிக்கை மட்டும் வரட்டும், இன்னிக்கே வெளிய. இந்த ஊர்ல இன்னும் ஆறு ஸ்டுடியோ இருக்கு. ஆறு பேரும் எனக்கு நண்பர்கள்."

பக்கத்துச் சமையலறைக் கண்ணாடிக்குப் பின்னால் மீர்யா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையைத் திருப்பவில்லை.

பழுதான அப்டேட்டை ஒரு இயந்திரத்தில் ஏற்றி, யால்மரி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். முதலில் சுலபமானவை. ஒலி அளவு சரி. குரலுக்கென்று இருந்த தனிக் குமிழ் நூறில் இருந்தது. கேபிளை மாற்றினான், ஹெட்போனை மாற்றினான், இயந்திரத்தையே மாற்றினான். அக்கா ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து மூடினாள்.

"என் முன்னாள் காதலி மாதிரியே இருக்கா" என்றான். "சத்தம் இல்லாதது ஒண்ணுதான் வித்தியாசம்."

"சவுனாக் காட்சியப் போடு."

சூடான கற்களில் தண்ணீர் ஊற்றும் நீராவிக் குளியலறையான சவுனாவில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீராவியில் முகமே தெரியவில்லை. ஹில்மா ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"மறுபடி."

ஏழு முறை போட்டான்.

"என்ன கேக்குது?"

"கல்லுல தண்ணி விழுது. ஆவி வருது. அப்புறம் நாலு நிமிஷம் குடும்பப் பாசம்."

"அதுக்குப் பின்னால கேளு."

எட்டாவது முறை அவனுக்கும் கேட்டது. அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல, மெலிசாக, வார்த்தை புரியாமல், ஒரு பெண் குரலின் வால்.

"எதிரொலி" என்றான். "ஆள் வரல. நிழல் மட்டும் வந்திருக்கு."

"குரல அழிச்சிருந்தா எதிரொலியும் சேர்ந்து செத்திருக்கும். எதிரொலி வருதுன்னா அவ பேசிட்டுதான் இருக்கா. நம்ம காது இல்லாத இடத்துல." ஹில்மா ரூபெனிடம் திரும்பினாள். "இந்தக் கட்டடத்துல நடு ஸ்பீக்கர் வெச்ச அறை எது?"

"நடு...?"

"சினிமாத் தியேட்டர் மாதிரி. இடதுல, வலதுல, பின்னால எல்லாம் ஸ்பீக்கர். நேர் முன்னால ஒண்ணு, பேச்சுக்குன்னே. ஹெட்போனுக்கு ரெண்டு பக்கம்தான் உண்டு, நடு கிடையாது."

ரூபென் சாவியைத் தேடியதில் கொஞ்சம் தாமதம் இருந்தது. விருந்தினர் அறை எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளே ஆறு ஸ்பீக்கர்கள். யால்மரி அதே காட்சியை ஓட்டினான். கல்லில் தண்ணீர் விழுந்தது. பதினோரு நாள் கழித்து, நடு ஸ்பீக்கரிலிருந்து அக்கா பேசினாள்:

"உன்னை மன்னிக்க என்கிட்ட இனிமே ஒண்ணும் மிச்சமில்ல."

யால்மரி காட்சியை நிறுத்தினான்.

"நல்ல வசனம்" என்றான்.

"இந்த அப்டேட்டுக்காகவே புதுசா எழுதினது" என்றான் ரூபென். "போன மாசம்தான் நடிகையக் கூப்பிட்டு, அந்த முடிவ மாத்திப் பதிவு பண்ணோம்."

"புதன்கிழமை இந்த அறைல யார் இருந்தாங்க?" என்று கேட்டாள் ஹில்மா.

"விருந்தாளிங்க. ஸ்டாக்ஹோம்லேர்ந்து."

"அவங்களுக்காக விளையாட்டோட ஒலி செட்டிங்கை ஹெட்போன்லேர்ந்து அறைக்கு மாத்தினது யாரு?"

ரூபென் தாடியைத் தடவினான். "நான்தான். ஒரு மணி நேரத்துக்கு. திருப்பி வெச்சிருப்பேன்."

"வெச்சிருப்பீங்களா, வெச்சீங்களா?"

"வெச்சேன்! இல்லேன்னா வியாழக்கிழமை இஸ்மோவுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?" அவன் குரலில் தெம்பு திரும்பியது. "அவ மறுபடி மாத்தியிருக்கா. இப்ப எப்படிப் பண்ணாள்னும் தெரிஞ்சு போச்சு. நல்லது. எழுதுங்க."

எல்லாம் அந்த ஒற்றைச் சீட்டில் வந்து நின்றது. சீட்டு நிஜமென்றால் மீர்யா தொலைந்தாள். பொய்யென்றால் ரூபெனின் மறதி.

சமையலறையில் மீர்யா ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஹில்மா எதிரே உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை இஸ்மோவுக்கு நிஜமாவே குரல் கேட்டுச்சா?"

"சீட்டுல எழுதியிருக்கே."

"நான் சீட்டக் கேக்கல."

கரண்டி நின்றது. மறுபடி சுற்றியது. "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"விளையாட்டுலதான் குரல் போச்சுன்னு நினைச்சேன்" என்றான் யால்மரி.

மீர்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லாத அந்தப் பார்வையில் அவன் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டான்.

அப்போதுதான் இஸ்மோ வந்தான். பெரிய உடம்பு, நரைத்த குடுமி. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் என்பதால் கையில் கிரீம் வைத்த பன் தட்டு. ஒன்றை எடுத்து மீர்யாவின் முன்னால் வைத்தான். பதினோரு நாளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள் அவன்தான் என்று காலையிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பாதாம் வெச்சதா, ஜாம் வெச்சதா?" என்று ஹில்மாவிடமும் யால்மரியிடமும் கேட்டான்.

"அத வெச்சுத்தான் இந்த நாட்டுல விவாகரத்தே நடக்குது, நான் வரல" என்றான் யால்மரி.

ஹில்மா எழுந்து இஸ்மோவின் நேர் எதிரே நின்றாள். ரூபெனும் இன்னும் நாலைந்து பேரும் வாசலில் கூடியிருந்தார்கள்.

"இஸ்மோ, சவுனாக் காட்சி முடியறப்ப அக்கா என்ன சொல்றா?"

இஸ்மோவின் முகம் மலர்ந்தது. "'உன்னை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்.' ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும்."

மீர்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வியாழக்கிழமையும் அதான் சொன்னாளா?"

"அட்சரம் பிசகாம."

"அது பழைய வசனம்" என்றாள் ஹில்மா. "நீங்க சோதிச்சதுல அது இல்ல. வியாழக்கிழமை உங்களுக்கு ஒரு குரலும் கேக்கல. கேக்காமலே 'தெளிவு'ன்னு எழுதிட்டீங்க."

இஸ்மோ தட்டை மேசையில் வைத்தான். வாசலில் நின்றவர்களைப் பார்த்தான், மீர்யாவைப் பார்த்தான், பிறகு தரையை.

"ரெண்டு பேர் சவுனால உக்காந்திருந்தாங்க" என்றான் மெதுவாக. "பேசல. எனக்கு அதுல தப்பா ஒண்ணும் தெரியல."

பிறகு வாசலில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அடுத்து எல்லோரும் சிரித்தார்கள். ரூபென் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானா இருந்தாலும் விட்டிருப்பேன்! சவுனால எவன் பேசுவான்?"

பேசாமல் உட்கார்ந்திருப்பது இந்த நாட்டில் இயல்பு; நாலாயிரம் பேர் ஏன் புகார் எழுதவில்லை என்பதும் விளங்கியது.

"சரி" என்றான் ரூபென், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தன் மறதியும் இந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோகும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "யாரும் வேணும்னே பண்ணல. மீர்யா, பெட்டியப் பிரிச்சு வை."

மணி இரண்டேகால். மீர்யா பதினோரு நாளில் முதல் முறையாக மூச்சை முழுசாக விட்டது போல இருந்தது. யால்மரிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவன் வாய் நிற்காது. ரூபென் கொடுத்திருந்த பழைய சோதனைச் சீட்டுகளைக் கையில் எடுத்தான்.

"ஆனா இஸ்மோ, மத்த நாள்ல நீங்க எழுதினதெல்லாம் கவிதைங்க. இதக் கேளுங்க. 'மூணாவது காட்சியில் அவள் மூச்சு வாங்குவது வார்த்தைக்கு ஒரு இமைப்பொழுது முந்தி வருகிறது.' இது காதா, வௌவாலா? ரெண்டு வருஷமா இப்படி உருகி உருகி எழுதிட்டு, வியாழக்கிழமை மட்டும் ஒத்த வார்த்தை. மீர்யா பக்கத்துல இல்லாத ஏக்கமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகு, ஒரு நொடி தள்ளி, இஸ்மோ சிரித்தான். மீர்யா சிரிக்கவேயில்லை.

ஹில்மா கையை நீட்டினாள். "சீட்டுங்களக் குடு."

அவள் இன்னும் தோண்டப் போகிறாள் என்று குரலைக் கேட்டதும் யால்மரிக்குப் புரிந்துவிட்டது. "ஹில்மா, வேணாம்" என்றான் தணிந்த குரலில். "நம்ம வேலை முடிஞ்சுது. அவ தப்பிச்சுட்டா."

"அறிக்கைல 'ஏன்'னு ஒரு கட்டம் இருக்கு."

"வெறுமையா விட்டா வானம் இடிஞ்சு விழாது."

"நான் கட்டத்த வெறுமையா விட்டதில்ல."

அவள் முன்பு கேட்ட இயந்திரத்துக்குப் போய், செட்டிங்கை ஹெட்போனுக்கு மாற்றினாள். இஸ்மோவின் எதிரே போய் நின்று, அன்பாகவே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை கேட்டுச் சொல்லிடுங்க. சரியாயிடுச்சுன்னு உங்க கையெழுத்துதான் வேணும்."

இஸ்மோ இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். திரையில் நீராவி எழுந்தது. ஹில்மா அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து போய், குனிந்து, ஹெட்போன் கேபிளை இயந்திரத்திலிருந்து பிடுங்கினாள்.

சத்தம் இயந்திரத்தின் சொந்த ஸ்பீக்கருக்குத் தாவியது. கல்லில் தண்ணீர் சொட்டுவது அறை முழுவதும் கேட்டது. அக்கா இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

"ஆஹா" என்றான் இஸ்மோ. "இப்பப் பேசறா."

தண்ணீர் சொட்டியது.

"தெளிவு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு." அவன் தலையை மெல்ல ஆட்டினான். காதில் எதுவும் விழாத மனிதன், ஹெட்போனில் பேச்சு ஓடுகிறது என்று நம்பித் தாளம் போட்டான். "ரொம்ப அழகாப் பேசியிருக்கா, இல்ல?"

அதற்குப் பிறகுதான் அக்கா பேசினாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. இஸ்மோ அந்த வசனத்தின் நடுவில் புன்னகையோடு திரும்பி, ஹில்மாவின் கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. "மெலிசான சத்தம் முதல்ல போச்சு" என்றான், யாரிடம் என்றில்லாமல். "ரெண்டு வருஷமாச்சு. எதிர்ல நின்னு பேசினாப் புரிஞ்சுக்குவேன். பாதி காது, பாதி உதடு. வேற வேலை எனக்குத் தெரியாது."

ரூபென் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். சிரிப்பு வடிந்த முகம் வேறு மாதிரி இருந்தது. "அப்ப இதெல்லாம் யார் எழுதினது? மூச்சு முந்தி வருது, காத்து பிந்தி வருதுன்னு?"

"நான்" என்றாள் மீர்யா.

"ரெண்டு வருஷமா?"

"அவன் படத்தப் பார்ப்பான். நான் கேட்டு எழுதுவேன். வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவன் வேற யாரையும் கேக்க வெக்கப்பட்டிருக்கான். வெள்ளிக்கிழமை சீட்டப் பார்த்ததும், யாரையோ கேக்க வெச்சிருக்கான்னு நம்பி அனுப்பிட்டேன்."

"பதினோரு நாளா ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும்."

அவனும் வாயைத் திறக்கவில்லையே என்று யால்மரிக்குக் கேட்கத் தோன்றியது. தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு வார்த்தையில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். கேட்கவில்லை. கேபிளைப் பிடுங்கியது ஹில்மா. அந்தக் கேபிளை அவள் கையில் எடுத்துக் கொடுத்தது தன்னுடைய நகைச்சுவைதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ரூபென் ஜன்னலருகே போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றான். வெளியே ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"காது போனவன நான் வெளிய அனுப்ப முடியாது" என்றான். "கம்பெனி டாக்டர், யூனியன், சட்டம், எல்லாம் வந்து வாசல்ல நிக்கும். படம் மட்டும் பார்க்கிற வேலைக்கு மாத்திடலாம். ஆனா ரெண்டு வருஷம் இன்னொருத்தன் பேர்ல பொய்ச் சீட்டு எழுதினவளுக்கு எந்தச் சட்டமும் வராது." பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தான். முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தது. 'நாசவேலை' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்து, மேலே வேறொன்று எழுதினான். "அறிக்கைக்கு நன்றி, ஹில்மா. காரணத்த மட்டும்தான் மாத்த வேண்டியிருக்கு. பேரு அதேதான்."

"செட்டிங்கை மாத்திட்டுத் திருப்பி வைக்க மறந்தது நீங்க" என்றாள் ஹில்மா. "அதையும் எழுதுவேன்."

"எழுதுங்க. அறிக்கை எனக்குத்தானே வருது? படிச்சுட்டு என்னை நானே கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்."

கடிதத்தை மீர்யா வாங்கிக்கொண்டாள். படிக்காமல் மடித்தாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிடுவது போல, உண்மையில் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காக, இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

இஸ்மோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூபென் முதுகைக் காட்டிப் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான். "என்னை விடுங்க. மீர்யா தப்பிச்சாளா?"

ஹில்மா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். யால்மரி கேபிளைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

மீர்யா திரும்பி வந்தாள். இஸ்மோவின் நேர் எதிரே குனிந்து, அவன் கண்ணுக்குத் தன் உதடு நன்றாகத் தெரியும்படி நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"தப்பிச்சுட்டேன்."

இஸ்மோவின் தோள்கள் தளர்ந்தன. ஈரக் கண்ணோடு சிரித்தான். அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தான்.

"நான் சொன்னேன்ல? பேசாம இருந்தா எல்லாம் தானா சரியாயிடும்னு."